ஜெயித்தால் முடி, தோற்றால் மொட்டை

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்.

புதுக்கோட்டையில் நேற்று இரவு ஏறிய பேருந்து என்னைப் பாரிமுனையில் இறக்கிவிட்டது. கட்டணம் நூற்றிரண்டு ரூபாய், தூரம் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், தூக்கம் பூஜ்யம். இடுப்பு இரண்டாகக் கழன்றிருந்தாலும் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. ஏனென்றால் நான் ஒரு தீர்ப்பு சொல்ல வந்திருந்தேன். அதுவும் சாதாரணத் தீர்ப்பு இல்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு.

எனக்குத் தொழில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ் விற்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் யாரோடாவது வாதாடிக்கொண்டிருப்பேன். "வாதத்துக்கு வாழ்க்கைப்பட்ட மனுசன், எனக்குச் சும்மா தாலி கட்டிட்டாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் திருச்சியில் ஒரு பேச்சுப் போட்டி. கடவுள் உண்டு என்று நான் பேசினேன். இல்லை என்று எண்ணூர்ப் பையன் தேசிங்கு பேசினான். தோற்றேன். தோற்ற எரிச்சலில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அந்த டீயில் ஆரம்பித்தது பழக்கம். அந்தத் தேசிங்குதான் போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, ஆடி மாசம் எங்க குப்பத்துல கடவுள் வாதம் வைக்கிறோம். நடுவரு அசலூரு ஆளா இருந்தா தான் ஜனம் ஒத்துக்கும். நீ வந்தே ஆவணும்" என்றான். இது இரண்டாயிரமாவது வருடத்து ஆடி. உரத்துக்கு நல்ல கிராக்கி உள்ள மாதம். கடையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

காலை ஏழு மணி.

கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி. எண்ணூருக்கு டிக்கெட் நான்கு ரூபாய். காலி மீன்கூடைகளோடு நாலைந்து பெண்கள் வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருக்க, ராயபுரம் தாண்டும்போது துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. எதிரே காக்கிச் சட்டை போட்ட துறைமுகத் தொழிலாளி ஒருவர். பேச்சுக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியாது.

"எண்ணூருக்கு இன்னா வேலையா போறே நைனா?" என்று அவரே கேட்டார்.

"கடவுள் உண்டா இல்லையான்னு தீர்ப்பு சொல்லப் போறேங்க."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிருமா?" என்றார்.

"முடிஞ்சிரும்."

"முடிஞ்சா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. பொண்ணு பரிச்சை எழுதிகினு கீது. யாரையாவது கும்புடணும்." திருவொற்றியூரில் இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து தாழங்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ மூன்று ரூபாய். வழியில் காற்றோடு ஒரு நெடி வந்து மூக்கைக் குத்தியது. மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ என் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உரத் தொழிற்சாலையின் அம்மோனியா, வேறென்ன. நம்ம ஊர் வயலுக்குப் போகிற பச்சை இங்கேதான் புகையாகக் கிளம்புகிறது போலிருக்கிறது. ஒரு பக்கம் கொள்கலன் லாரிகளின் வரிசை, மறுபக்கம் கல்லைக் கொட்டித் தடுத்த கடல், நடுவில் ஆட்டோ. கடைசியில் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குப்பம்.

காலை எட்டரை.

தேசிங்குவின் வீட்டு வாசலில் கறுத்துத் தடித்த ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். "கடவுள் கீறாருன்னா அவரு எங்க கீறாரு? கீறவரு இன்னாத்துக்குக் கண்ணுல படல?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த இடம், நடுவர் பதவி எல்லாம் மறந்துபோய், "காத்து கண்ணுல படுதா? மூச்சு விடாம இருக்கீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடம் விளாசியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை வெளியே எடுத்து முத்தமிட்டார். "சாமி சத்தியமா நீ சொன்னது அம்புட்டும் உண்மை சார். ஆனா இன்னிக்கு எனக்கு அது யூஸாவாது" என்றார்.

இவர் பெயர் அந்தோணி. ராயபுரத்துக்காரர், மாதா கோயில் பாட்டுக்குழுவில் முன்குரல். தேசிங்குவுக்கு உயிர்த் தோழர். இந்தக் குப்பத்து வாதத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். நம்புகிறவன் இல்லை என்று பேச வேண்டும், நம்பாதவன் உண்டு என்று பேச வேண்டும். அவனவன் சொந்தக் கட்சியை அவனவன் பேசக் கூடாது.

"இது என்னங்க கூத்து?" என்றேன்.

"முன்னெல்லாம் அவனவன் கட்சிய அவனவன் தான் பேசிகினு இருந்தான். ஒரு வருசம் மைக் ஒடைஞ்சது, ஒரு பல்லு பூடுச்சி. அப்பால தான் இந்த ரூல்" என்று அந்தோணி வாயைத் திறந்து காட்டினார். போன பல் அவருடையதுதான்.

நான் சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே குதித்திருப்பேன். தமிழ்நாடு முழுக்கப் பட்டிமன்றம் கேட்டவன் நான், இப்படி ஒரு ஏற்பாட்டை எங்கும் கண்டதில்லை. நாத்திகன் தேசிங்கு கடவுளுக்கு வக்கீல். ஜெபமாலைக்காரர் எதிர்க்கட்சி வக்கீல். நடுவில் உரக்கடைக்காரன்.

அப்போது உள்ளேயிருந்து தேசிங்கு வந்தான். பார்த்ததும் திகைத்தேன். திருச்சியில் ஒட்ட வெட்டிய கிராப்போடு இருந்தவன், இப்போது பிடரி மறைய முடி வளர்த்திருந்தான்.

"என்னப்பா, சாமியாரா ஆயிட்டியா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா கன்னியம்மா மீன்கூடையோடு வந்துவிட்டாள். குரல் முதலில் வரும், ஆள் பிறகு வரும், அப்படி ஒரு பெண்மணி. "நீ தான் நடுவரா நைனா? நல்லா பாத்துக்கோ இந்த முடிய. நாளைக்கு இது இருக்கறதும் போறதும் உன் வாயில தான் கீது" என்றாள்.

விஷயம் இதுதான். போன வருடம் ஆவணியில் தேசிங்குவும் அவன் தோழன் மூர்த்தியும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் எண்ணெய்த் தொட்டிக்கு வண்ணம் அடிக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். சாரத்தின் கயிறு அறுந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். தேசிங்கு மூன்று வாரம் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது கன்னியம்மா பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: என் பிள்ளை எழுந்து நடந்தால் ஆடியில் அவன் முடியை உனக்குக் கொடுக்கிறேன். பிள்ளை எழுந்தான், நடந்தான். ஆடியும் வந்துவிட்டது. நாளை விடியற்காலை குப்பத்தில் பாதி ஜனம் டெம்போ பிடித்துப் பெரியபாளையம் போகிறது. பையன் மட்டும் முடியைத் தர மாட்டேன் என்கிறான்.

"ஒரு மாசமா சோறு துன்னாம கத்திகினு கீறேன். கேக்க மாட்றான். கடைசீல பந்தயம் கட்டிகினோம். வாதத்துல அவன் ஜெயிச்சா முடி அவனுது. தோத்தா மொட்டை" என்றாள் கன்னியம்மா.

எனக்குத் தலை சுற்றியது. சாயங்காலம் தேசிங்கு பேசப்போவது கடவுள் உண்டு என்ற கட்சி. ஆக, கடவுள் உண்டு என்று அவன் நிரூபித்துவிட்டால் கடவுளுக்கு மொட்டை கிடையாது. இல்லை என்று அந்தோணி நிரூபித்துவிட்டால், அந்த இல்லாத கடவுளுக்கு இவன் மொட்டை போட வேண்டும். நான் இதை எடுத்துச் சொன்னபோது கன்னியம்மா, "அதெல்லாம் அம்மன் பாத்துக்குவா. நீ ஒயுங்கா தீர்ப்ப சொல்லு" என்று சொல்லிவிட்டு மீன் விற்கப் போய்விட்டாள்.

பகல் ஒரு மணி.

சோறு, வஞ்சிரக் குழம்பு, நண்டு. நடுவருக்கு இது மரியாதை, காசு வாங்கக் கூடாது என்பதும் சட்டம். வயிறு முட்டத் தின்றுவிட்டு முகத்துவாரம் வரை நடந்தோம். ஆற்றுத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்து கடல் தண்ணீரோடு சேரும் இடத்தில் உட்கார்ந்தோம்.

"ஏம்ப்பா, ஒரு முடிதானே? அம்மா மனசுக்காகக் கொடுத்துட்டுப் போயேன். வளரப்போகுது" என்றேன். நியாயமான ஆளாக இருந்தால் நடுவர் இதையெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் எனக்கு வாய் நிற்காது.

அவன் திரும்பி, குப்பத்தின் கடைசியில் இருந்த நீல வர்ணக் கதவைக் காட்டினான். "அது மூர்த்தி வூடு. அங்க அவங்கம்மா லோகம்மா கீது. எங்கம்மாவும் அதுவும் ஒண்ணா தான் ஆஸ்பத்திரி வராண்டால குந்திகினு இருந்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா தான் வேண்டிகினாங்க. அதே அம்மன். அதே மொட்டை. நான் பொழைச்சேன், அவன் பூட்டான். நான் மொட்டை அடிச்சிகினு அந்தம்மா எதிர்ல நடந்தா இன்னா அர்த்தம்ணா? அம்மன் என்ன காப்பாத்திட்டு அவன வுட்டுட்டான்னு தானே அர்த்தம்? உன் வேண்டுதல் செல்லல, எங்கம்மா வேண்டுதல் செல்லுச்சின்னு தானே? என்னால முடியாதுண்ணா."

திருச்சியில் இவன் பேசியதெல்லாம் நாக்கு நுனிப் பேச்சு, நானும் நாக்கு நுனியால்தான் பதில் சொன்னேன். இது வேறு. இதற்குப் பதில் என் மூட்டையில் இல்லை. என்னடா இது, கூத்து பார்க்க வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

மாலை நாலரை.

வலைக்கூடத்தில் உட்கார இடமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் பாய், தூணுக்குத் தூண் சுருட்டி வைத்த நைலான் வலை. காலையிலிருந்து அம்மன் பாட்டு போட்டுக்கொண்டிருந்த குழாய் ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். மறுநாள் கோயில் பயணம் என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், முன்வரிசையில் கன்னியம்மா. கடைசித் தூணில் சாய்ந்து ஒரு ஒல்லியான பெண். தேசிங்கு அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்ததிலேயே அவள்தான் லோகம்மா என்று தெரிந்துவிட்டது.

தேசிங்கு ஆரம்பித்தான். அடடா, நாத்திகன் வாயால் கடவுளைக் கேட்க வேண்டும். "ஒரு வலைய எடுத்துக்கோ. தானா முடிச்சி வுழுந்து தானா வலையாச்சின்னு எவனாவது சொன்னா ஒத்துக்குவியா? வலைக்கே ஒரு கை வேணும். மீனுக்கு வேணாவா? மீனைப் புடிக்கற உனக்கு வேணாவா?" ஜனம் விசிலடித்தது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். நடுவர் கைதட்டக் கூடாது என்று முன்வரிசையில் ஒருவர் அதட்டினார்.

அந்தோணி எழுந்தார். "சரி மாமு, கை கீது. அந்தக் கை நல்ல கையா? புயல் வுடற கையும் அது தானே? போன கார்த்திகைல வலை, போட்டு எல்லாத்தையும் வாரிகினு போச்சே, அதுவும் அதே கை தானே?"

"புயல் அதும்பாட்டுக்கு வரும். ரேடியோல சொல்லியும் போட்ட மேல ஏத்தாதது யாரு தப்பு?"

"கொயந்தைக்குக் காய்ச்சல் வர்றது யாரு தப்பு?"

இப்படி முக்கால் மணி நேரம். ஒருவர் வீசுவதை மற்றவர் பிடித்துத் திருப்பி வீசுகிறார். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, டீ கொண்டுவந்து வைத்ததுகூடத் தெரியவில்லை. தன் நம்பிக்கைக்கு எதிராகப் பேசுகிறவனுக்கு எதிராளியின் பலம் எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால் ஒரு சொத்தை வாதம்கூட வரவில்லை. புதுக்கோட்டையில் நாங்கள் வருடக்கணக்காகப் பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்று தோன்றியது.

பிறகு பேச்சு மனுஷன் இஷ்டம் பக்கம் திரும்பியது. தேசிங்கு திருவொற்றியூர்க் கோயில் கதையை எடுத்தான். "சாமியோட தோஸ்து ஒருத்தரு. மகிழ மரத்தடில நின்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணாரு, உன்ன வுட்டுப் போவ மாட்டேன்னு. அப்பால பூட்டாரு. சாமி நெனைச்சிருந்தா கால கட்டிப் போட்டுருக்கலாம். போடல. போவ வுட்டாரு. இன்னாத்துக்கு? புடிச்சிகினே இருந்தா அவன் தோஸ்து இல்ல, பொம்மை. தானா இருந்தா தான் தோஸ்து. கெட்டதும் அப்டி தான் வருது. நம்மள பொம்மையா வெக்க வேணாம்னு வுட்டு வெச்சிருக்காரு."

கூட்டத்தில் 'ஆங்' என்று ஒரு முனகல். கன்னியம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவ வுட்டுட்டு அப்பால சத்தியத்த மீறினதுக்குக் கண்ண புடுங்கிகினாரே, அது இன்னா தோஸ்து?" என்றார் அந்தோணி. சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"மச்சான், நீ எனக்கு ஒரு வருசமா சொன்னத நான் உனக்கு சொல்றேன். கோச்சிக்காதே. ஒரே சாரம். ரெண்டு பேரு. பழைய கயித்த கட்டினவன் மனுசன், அது அவன் இஷ்டம், ஒத்துக்கறேன். அம்மன் கைய வெக்க மாட்டா, அதுவும் ஒத்துக்கறேன். அப்ப ரெண்டு பேருக்கும் கைய வெச்சிருக்கக் கூடாது. உனக்கு மட்டும் வெச்சாளே. மூர்த்திக்கு ஏன் வெக்கல?"

குழாய் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. தேசிங்கு வாயைத் திறந்தான், மூடினான். நான் மனசுக்குள் அவனுக்காகப் பதில் தேடினேன். போன பிறவி, கர்மம், அம்மன் கணக்கு, எதை எடுத்தாலும் கடைசித் தூணுக்கு முன்னால் நிறுத்தக் கூசியது. அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். "எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கடைசித் தூணில் லோகம்மா எழுந்து நின்றாள். "நடுவரே, நான் பேசலாமா?"

தீர்ப்புக்கு முன் கூட்டம் பேசக் கூடாது என்பது சட்டமாம். முன்வரிசைக்காரர் மறுபடி அதட்ட வந்தார். நான் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தேன். "பேசுங்கம்மா."

"எம்புள்ள பேர ஒரு வருசமா எவனும் என் எதிர்ல எடுக்கல. நான் வந்தா பேச்ச நிறுத்திடறாங்க. இன்னிக்கு மைக்ல சொன்னே அந்தோணி. நல்லா கீது கேக்க." தேசிங்குவைப் பார்த்தாள். "டேய், நீ மொட்டை போட்டா எனக்கு வயிறு எரியும்னு தானே மாட்டேன்றே? உங்கம்மா சொல்லல, எனக்கே தெரியும். எரியும் தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ போடாம இருந்தியே இவ்ளோ நாளு, அப்பவும் எரிஞ்சிகினு தான் கீது." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு சொல்லும் முறை என்னுடையது. நான் தினமும் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக் கடை திறக்கிறவன். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் கேட்டதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. "கடவுள் இல்லை என்ற கட்சி ஜெயித்தது" என்றேன். என் நாக்கு கூசியது.

கூட்டம் 'ஹோ'வென்று எழுந்தது. "மொட்டை, மொட்டை" என்று கைதட்டல். கடவுள் இல்லை என்று தீர்ப்பானதற்கு, நாளைக்குக் கோயிலில் மொட்டை நிச்சயம் என்று இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டதை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டு, "பேச்சுன்னா பேச்சு. போட்டுக்கறேன்" என்றான்.

"வேணாம்."

சொன்னது கன்னியம்மா. கூட்டத்துக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவள் எழுந்து, சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப தானே சொன்னே மைக்ல, புடிச்சிகினே இருந்தா பொம்மைன்னு. பந்தயத்துல தோத்துட்டு வர்ற முடிய நான் அவகிட்ட குடுத்தா அவ காறித் துப்புவா. தானா குடுத்தா தான்டா காணிக்கை. இட்டுனு போய் செரைச்சா அது சலூன். வேண்டிகினது என் வாயி. உன் முடிய பேச எனக்கு இன்னா ரைட்டு கீது? என் முடி தான் போவணும், நானே போட்டுக்கறேன்."

"யம்மா, நீ..."

"மூடு. உன் கட்சி தோத்துச்சி." அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயித்தவருக்குப் பரிசாகக் கொடுத்த வஞ்சிர மீனை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஜெயிச்சிட்டேன் சார். ஆனா பேஜாரா கீது. அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. கேட்டிருக்கக் கூடாதோ?" என்றார். கேட்டது நல்லதுதான் என்றேன். எனக்குள் என்னவோ பொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருட வாதத்தில் ஒரு ஆள்கூட எதிராளி சொன்னதைக் கேட்டு மனசை மாற்றிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. இன்று பந்தயத்தில் ஜெயித்த பிறகு ஒரு தாய் மாற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.

டெம்போவில் சட்டி, விறகு, வேப்பிலைக் கட்டு, இரண்டு சேவல், முப்பது பேருக்குக் குறையாத ஜனம். என்னையும் விடவில்லை. "தீர்ப்பு சொன்னவரு அம்மன்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போவட்டும்" என்று ஒரே கிண்டல். அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று தேசிங்குவும் ஏறிக்கொண்டான். அந்தோணியும் வந்தார், பாட்டு அவருடையதுதான், அம்மன் பாட்டையும் மாதா பாட்டு ராகத்தில் பாடினார். வண்டி கிளம்பும்போது நீலக் கதவு திறந்தது. லோகம்மா வந்து, "நவுந்து குந்துங்க" என்று கன்னியம்மாவின் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

"நீ இன்னாத்துக்குடி வர்றே?" என்றாள் கன்னியம்மா.

"எனக்கு அவகிட்ட ஒரு கேள்வி கீது. மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன்."

மணலி, மாதவரம், செங்குன்றம், ஜனப்பன்சத்திரம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மாதவரத்தில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றோம், அப்போதும் பாட்டு நிற்கவில்லை. பெரியபாளையம் போய்ச் சேர்ந்தால் ஊரே வேப்பிலை வாசனை. ஆற்றங்கரையெங்கும் அடுப்பு, புகை, வேப்பஞ்சேலை கட்டிய பெண்கள்.

மொட்டைக் கொட்டகையில் கன்னியம்மா உட்கார்ந்தாள். நரையும் கறுப்புமாக நல்ல நீள முடி. நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். அவள் கண்ணை மூடவில்லை, தலையைக்கூடக் குனியவில்லை. தேசிங்கு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி முடி விழும்வரை பார்த்தான். அவள் எழுந்து தலையைத் தடவிக்கொண்டு, "ஜில்லுனு கீது" என்றாள். வேண்டுதல் தீர்ந்தது, இனி யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை.

அப்போது தேசிங்கு அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தான்.

நான் பதறிப்போய், "ஏம்ப்பா, அதான் அம்மா..." என்று தொடங்கினேன்.

"அம்மனுக்கு இல்லண்ணா" என்றான். "மூர்த்திய எடுத்துகினு போனப்ப நான் நெனைவில்லாம கெடந்தேன். கூடப் பொறந்தவன் யாரும் இல்ல அவனுக்கு. நான் தான் போட்டுருக்கணும். போடல. இப்ப போடறேன்."

"வேண்டுதலா, காரியமா?" என்று நாவிதர் கேட்டார். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தியை வைத்தார். இரண்டுக்கும் ஒரே கத்திதான்.

பிடரியை மறைத்திருந்த முடி மடியில் விழுந்தது. காதுக்கு மேலே ஆரம்பித்து உச்சிவரை ஒரு தழும்பு வெளியே வந்தது. தையல் போட்ட இடமெல்லாம் மேடும் பள்ளமும். ஒரு வருடமாக அதை அவன் முடிக்குள் வைத்திருந்தான். அதுவரை கட்டோடும் முடியோடும் மட்டுமே பார்த்திருந்த பெற்ற தாயே அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அந்த வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லோகம்மா சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றாள். நெற்றிப் பக்கம் பூசினாள், பிடரிப் பக்கம் பூசினாள், தழும்பை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. தேசிங்குவின் தோள் குலுங்கியது. நான் சேவல் கூடையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்தோணி வெளிப்படையாகவே அழுதார்.

பகல் பதினொன்று.

லோகம்மா தன்னந்தனியாகத் தரிசன வரிசையில் போய் நின்றாள். நாங்கள் கூப்பிட்டும் துணை வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு ஊர் திரும்ப மாலை வண்டி, அதற்கு முன் பாரிமுனை போய்ச் சேர வேண்டும். ஆனாலும் அந்தக் கேள்வி என்ன ஆயிற்று என்று தெரியாமல் என்னால் கிளம்ப முடியவில்லை. ஊர் ஊராக வாதம் கேட்டவன், இந்த ஒரு வாதத்தின் முடிவு தெரியாமல் எப்படிப் போவேன்? பேருந்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வெயிலில் நின்றேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு வேப்பிலைக் கொத்து. ஓடிப்போய், "கேட்டீங்களாம்மா?" என்றேன்.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எங்க நைனா, அவ சொல்றதுக்குள்ள நவுரு நவுருன்னு தள்ளி வுட்டுட்டாங்க." வேப்பிலைக் கொத்தை என் சட்டைப் பையில் செருகினாள். "அடுத்த ஆடிக்கு வந்து மறுபடியும் கேக்கறேன். அவ எங்க போயிடப் போறா?"